பதினேழு டாலர் கிதார்

திருவள்ளூரில் எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் ஆயா ஒருத்தி இருக்கிறாள். பூண்டி ஏரிப் பக்கத்துக் கிராமம். காலை ஏழு மணிக்குக் கூடையை எங்கள் வீட்டுத் திண்ணையில் இறக்கினாளானால், முளைக்கீரைக்கும் சிறுகீரைக்கும் விலை சொல்லி முடிப்பதற்குள் ஊர்க் கதை முழுவதும் வந்துவிடும். பேத்தி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்து அழைத்துப் போகும். 'ஏன் ஆயா, இந்த வயதில் கூடை தூக்க வேண்டுமா?' என்று கேட்டால், "சும்மா குந்திக்கினு இருந்தா கால் மரத்துப் பூடும்மா" என்பாள்.

இந்த ஆயாவுக்கு இன்னொரு தொழில் உண்டு. தொழில் என்று அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒப்பாரிக்கு இவளைக் கூப்பிடுவார்கள். நடவுப் பாட்டு, தாலாட்டு, கும்மி எல்லாம் தெரியும். எத்தனை பாட்டு தெரியும் என்று அவளே எண்ணிப் பார்த்ததில்லை. ஒரு முறை பேத்தி தன் டெலிபோனில் ஏழெட்டுப் பாட்டைப் பதிவு செய்து வைத்திருந்தாளாம். டெலிபோன் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. பாட்டும் அதோடு போயிற்று.

"போனாப் போவுது, பாட்டு வாயிலதானே கீது" என்றாள் ஆயா. வாயில் இருக்கிறது, சரிதான். எத்தனை நாளைக்கு?

அன்று நான் சமையலறையில் ஓர் அமெரிக்கப் பெண்மணியின் பாட்டை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாசல் வரை கேட்டிருக்க வேண்டும். கூடையை இறக்கின ஆயா, "இன்னாம்மா பாட்டு இது? யாரோ வூட்டுக்காரனைத் திட்டறாப் போலக் கீதே?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாத கிழவி, குரலை மட்டும் கேட்டு விஷயத்தைப் பிடித்துவிட்டாள். அந்தப் பாட்டு உண்மையிலேயே வீட்டுக்காரனைத் திட்டுகிற பாட்டுத்தான். குடித்துவிட்டு என்னிடம் வராதே என்று மனைவி சொல்லுகிற பாட்டு. பாடியவர் பெயர் லொரெட்டா லின். அவருடைய கதையைத்தான் ஆயாவுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

அமெரிக்காவில் கென்டக்கி என்று ஒரு ராஜ்யம். அதன் கிழக்குப் பகுதி முழுவதும் மலையும் நிலக்கரிச் சுரங்கமும். அங்கே புட்சர் ஹாலர் என்ற பள்ளத்தாக்கில், மரத்தால் கட்டிய சிறு குடிசையில், 1932-ம் வருஷம் ஏப்ரல் 14-ந் தேதி, அதாவது நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, லொரெட்டா வெப் பிறந்தாள். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. மிச்ச நேரத்தில் கொஞ்சம் விவசாயம். எட்டுக் குழந்தைகளில் இவள் இரண்டாவது. தாயார் சினிமா நட்சத்திரம் லொரெட்டா யங்கின் பெயரைக் குழந்தைக்கு வைத்தாள். கும்பி காய்ந்தாலும் பெயராவது நட்சத்திரப் பெயராக இருக்கட்டுமே!

தம்பி தங்கைகளைத் தூங்க வைக்கப் பாடுவதுதான் அவள் கற்ற சங்கீதம். வீட்டில் ஒரு ரேடியோ உண்டு. சனிக்கிழமை இரவு நாஷ்வில் நகரத்திலிருந்து 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்று ஒரு நிகழ்ச்சி வரும். 1925-ல் ஆரம்பித்தது, இன்றைக்கும் நடக்கிறது. கிராமத்துப் பாட்டுக்காரர்களின் மகா சபை அது.

பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தில் ஒரு விருந்து. பெண்கள் செய்து கொண்டுவரும் இனிப்புப் பணியாரத்தை ஆண்கள் ஏலம் கேட்க வேண்டும். ஏலத்தில் எடுத்தவனோடு, செய்த பெண் உட்கார்ந்து பேசலாம். லொரெட்டாவின் பணியாரத்தை ஆலிவர் லின் என்ற வாலிபன் எடுத்தான். யுத்தத்திலிருந்து திரும்பி வந்தவன். 'டூலிட்டில்' என்று செல்லப் பெயர். வாயில் வைத்தால் ஒரே உப்பு! சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டாள் பெண். (இதைப் பிற்காலத்தில் அவரே சொல்லிச் சிரித்திருக்கிறார்.) உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று அவனுக்கு யார் சொன்னார்களோ, ஒரு மாதத்துக்குள் கலியாணம் முடிந்துவிட்டது. 1948 ஜனவரி.

வெகு காலம் வரை, கலியாணத்தின்போது தனக்குப் பதின்மூன்று வயதுதான் என்று லொரெட்டா சொல்லி வந்தார். 2012-ல் பிறப்புப் பதிவேட்டைப் பார்த்தவர்கள் பதினைந்து என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு வயது குறைத்துச் சொன்னதற்காக நாம் கோபித்துக்கொள்ள வேண்டாம். பதினைந்தும் குழந்தைதான்.

கர்ப்பிணியாக இருக்கும்போதே புருஷன் அவளை அழைத்துக்கொண்டு தேசத்தின் மறு கோடிக்குப் போனான். வாஷிங்டன் ராஜ்யத்தில் கஸ்டர் என்ற சிற்றூர். அவன் மரம் வெட்டும் வேலைக்குப் போனான். இவள் ஸ்ட்ராபெர்ரித் தோட்டத்தில் பழம் பறித்தாள். பிறர் வீட்டுத் துணி துவைத்தாள். இருபது வயதை ஒட்டி நான்கு குழந்தைகள்.

"நாலா!" என்றாள் ஆயா. "அப்பால பாட்டு எங்கேர்ந்து வந்துது?"

புருஷனிடமிருந்து வந்தது என்பதுதான் வேடிக்கை. பாத்திரம் தேய்க்கும்போதும் குழந்தையை ஆட்டும்போதும் அவள் பாடுவதை அவன் கேட்டிருந்தான். 1953-ல் ஒரு கிதார் வாங்கி வந்து கையில் கொடுத்தான். விலை பதினேழு டாலர். அந்நாளைய நம் கணக்கில் எண்பது ரூபாய் ஆகும். மரம் வெட்டுகிறவன் வீட்டில் அது சின்னப் பணம் அல்ல. வாத்தியார் கிடையாது, புத்தகம் கிடையாது. குழந்தைகள் தூங்கினபிறகு அவளாகத் தடவித் தடவிக் கற்றுக்கொண்டாள். சில வருஷங்களில், 'நீ சபையில் பாட வேண்டும்' என்று பிடிவாதம் பிடித்து அவன் அவளை உள்ளூர் நடனக் கூடத்துக்குக் கூட்டிப் போனான். பயத்தில் அவளுக்குக் கால் நடுங்கியது. பாடினாள்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்த மாதிரிப் பாட்டுக்கு அமெரிக்காவில் 'கன்ட்ரி' சங்கீதம் என்று பெயர். நம் பாஷையில் நாட்டுப்புறப் பாட்டு. ஆதியில் பட்டணத்துக்காரர்கள் அதை 'ஹில்பில்லி' என்றார்கள். பட்டிக்காட்டான், மலைக்காட்டான் என்று நாம் சொல்வதில்லையா, அதே அலட்சியம். 1927-ல் ரால்ஃப் பியர் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காரர் பிரிஸ்டல் என்ற ஊரில் ஒரு கட்டிடத்தின் மாடியில் யந்திரத்தை வைத்துக்கொண்டு மலை ஜனங்களைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். அப்போது வந்தவர்கள்தான் கார்ட்டர் குடும்பத்தார். அதில் மேபெல் என்ற பெண் நிறை கர்ப்பிணியாக வந்து கிதார் வாசித்தாள். அந்தத் தட்டுகள் விற்ற விற்பனையைப் பார்த்ததும் பட்டிக்காட்டுப் பாட்டுக்கும் காசு உண்டு என்பது கம்பெனிக்காரர்களுக்கு இன்னும் உறுதியாயிற்று. ஆனாலும் தனியாகப் பாடும் பெண்ணுக்கு மார்க்கெட் இல்லை என்று வெகு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1952-ல் கிட்டி வெல்ஸ் என்ற குடும்பப் பெண்மணி அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார். ஆண் கெட்டுப்போனதற்குப் பெண்தான் காரணம் என்று ஒரு பாட்டு பிரபலமாகியிருந்தது; அதற்குப் பதில் பாட்டுப் பாடி முதல் இடத்தைப் பிடித்தார். கஸ்டர் ஊரில் துணி துவைத்துக்கொண்டிருந்த லொரெட்டாவுக்கு அவர்தான் மானசீக குரு.

நம் ஊரிலும் கதை வேறாக இல்லை. பெர்ஸி மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் செப்பனிட்டு 'மலையருவி' என்று 1958-ல் புத்தகமாக வந்தது. புத்தகத்தில் பாட்டு இருக்கிறது. பாடினவள் யார்? அவள் குரல் எங்கே? கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடி, 1985-ல் 'ஆண்பாவம்' படத்தில் தோன்றிய பிறகுதான் பட்டணத்து ஜனங்கள் அப்படி ஒரு குரலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். பரவை முனியம்மாவுக்கு 2003-ல் 'தூள்' படம் வர வேண்டியிருந்தது. தலை நரைத்த பிறகு வந்த புகழ்! டாக்டர் விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கணவரோடு ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேகரித்துப் பாடியிராவிட்டால் இன்னும் எத்தனையோ போயிருக்கும். அவருக்கு 2018-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. பாட்டைச் சொல்லிக்கொடுத்த கிழவிகளுக்கு?

சரி, கதைக்கு வருகிறேன்.

லொரெட்டா பாடிய கூடத்துக்கு ஒரு பெண் வருவாளாம். தோட்டத்தில் பழம் பறிக்கிறவள். புருஷன் வேறு ஒருத்தியோடு போய்விட்டான். தினமும் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்து அழுவாள். அவளைப் பார்த்து லொரெட்டா ஒரு பாட்டுக் கட்டினாள். அதுதான் 'ஐ'ம் எ ஹாங்கி டாங்க் கேர்ள்'. சாராயக் கடைப் பெண் என்று வைத்துக்கொள்ளலாம். கனடாவைச் சேர்ந்த நார்ம் பர்லி என்ற மரவியாபாரி அவள் பாட்டைக் கேட்டுவிட்டுப் பண உதவி செய்தார். 'ஸீரோ ரிகார்ட்ஸ்' என்று ஒரு சின்னக் கம்பெனி. பெயரிலேயே பூஜ்யம்! 1960-ல் ஹாலிவுட்டுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள்.

தட்டு வந்துவிட்டது. யார் வாங்குவார்கள்? விளம்பரத்துக்குப் பணம் ஏது? புருஷனும் மனைவியும் பழைய காரில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். வழியில் ரேடியோ கோபுரம் தெரிந்தால் நிறுத்துவார்கள். இருந்த ஒரே நல்ல உடையை அவள் காரின் பின் ஸீட்டில் மாற்றிக்கொள்வாள். உள்ளே போய், 'ஐயா, என் பாட்டு ஒன்று இருக்கிறது, ஒரு தரம் போடுங்கள்' என்பாள். இரவில் காரிலேயே தூக்கம். சாப்பாடு ரொட்டியும் மலிவான இறைச்சித் துண்டும். நம் ஊரில் அப்பளம் விற்கப் போகிற பெண்ணுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்? அந்தத் தட்டு அமெரிக்கக் கிராமியப் பாடல் வரிசையில் பதினான்காவது இடத்துக்கு வந்தது. 1960 அக்டோபர் 15-ந் தேதி, சிறு பெண்ணாக ரேடியோவில் கேட்ட அதே கிராண்ட் ஓல் ஆப்ரி மேடையில் லொரெட்டா பாடினார்.

('அவள்' எங்கே 'அவர்' ஆனாள் என்று கேட்காதீர்கள். அந்த மேடை ஏறினபிறகு எனக்கு 'அவள்' என்று எழுத வரவில்லை.)

வாரா வாரம் ஆப்ரிக்காரர்கள் அவரைக் கூப்பிடவே, மற்றப் பாடகிகளுக்குப் பொறுக்கவில்லை. ஒருத்தி வீட்டில் கூடி, இந்தப் பட்டிக்காட்டுப் பெண்ணை எப்படித் தடுப்பது என்று ஆலோசனை செய்தார்களாம். அந்தக் கூட்டத்துக்குப் பாட்ஸி க்ளைன் லொரெட்டாவையே கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்து நின்றார்! அதற்குப் பிறகு கூட்டத்தில் என்ன பேச முடியும்? பாட்ஸி அப்போது பெயர் பெற்ற பாடகி. 1961-ல் கார் விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, லொரெட்டா ரேடியோவில் பாட்ஸியின் பாட்டையே அவருக்காகப் பாடினார். கட்டிலில் கிடந்தவர் அதைக் கேட்டு, 'அந்தப் பெண்ணை அழைத்து வாருங்கள்' என்று புருஷனை அனுப்பினார். அன்று ஆரம்பித்தது சிநேகம். எப்படி உடுத்துவது, மேடையில் எப்படி நிற்பது, காசு வாங்காமல் எப்படிப் பாடக்கூடாது என்பதெல்லாம் பாட்ஸி சொல்லிக்கொடுத்த பாடம்.

1963 மார்ச் 5-ந் தேதி சிறு விமானம் ஒன்று விழுந்து பாட்ஸி இறந்தார். வயது முப்பது. அந்த வருஷம் டிசம்பரில்தான் லொரெட்டாவின் முதல் முழு இசைத்தட்டு, 'லொரெட்டா லின் ஸிங்ஸ்', டெக்கா கம்பெனியில் வெளிவந்தது. பாட்ஸியின் பாட்டுகளைப் பதிவு செய்த ஓவன் பிராட்லிதான் இதையும் செய்தார்.

இப்போது முழு நீளத் தட்டு என்றால் மாதக் கணக்கில் வேலை நடக்கிறது. ஒருவர் இன்று பாடுவார், இன்னொருவர் அடுத்த வாரம் வாசிப்பார், யந்திரம் ஒட்டும். அன்றைய நாஷ்வில்லில் அப்படி இல்லை. மூன்று மணி நேரம் ஒரு தவணை. அதற்குள் மூன்று நான்கு பாட்டு முடிய வேண்டும். பாடகியும் வாத்தியக்காரரும் ஒரே அறையில், ஒரே மூச்சில். வாத்தியக்காரர்கள் ஸ்வரம் எழுதிய காகிதம் பார்ப்பதில்லை. ஒரு தரம் கேட்டு, எண்களால் குறிப்பு எழுதிக்கொண்டு, உடனே வாசிப்பார்கள். அடிக்கடி தவறினால் கம்பெனிக்கு நஷ்டம். நான்கு குழந்தைகளின் தாய், எழுதப் படிக்க அதிகம் தெரியாதவர், அந்தக் கண்ணாடி அறையில் நின்று பாடினார்.

தட்டில் பன்னிரண்டு பாட்டு. அவற்றில் பல ஏற்கனவே பிறர் பாடிப் பெயர் வாங்கியவை. புதிதாக வருகிறவருக்குத் தெரிந்த பாட்டைக் கொடுத்தால் ஜனங்கள் வாங்குவார்கள் என்பது கம்பெனி வழக்கம். எனக்கு இது கொஞ்சம் ஏமாற்றந்தான். முதல் தட்டில் அவர் கட்டிய பாட்டுகளே நிறைந்திருக்கக் கூடாதா? 'வோர்ல்ட் ஆஃப் ஃபர்காட்டன் பீபிள்' என்பது அவருடையது. மறக்கப்பட்டவர்களின் உலகம் என்று அர்த்தம். 'ஸக்ஸெஸ்' என்ற பாட்டு 1962-லேயே தனித் தட்டாக வந்து ஆறாவது இடம் பிடித்திருந்தது. புருஷனுக்குத் தொழிலில் வெற்றி வந்த நாளிலிருந்து தனக்கு அவன் இல்லாமல் போனதைப் பற்றி ஒரு மனைவி ஏங்குவது. இதை எழுதியவர் ஜானி மல்லின்ஸ் என்பவர். அவர் என்ன வேலை பார்த்தார் தெரியுமா? மிஸௌரி ராஜ்யத்தில் ஒரு பள்ளிக்கூடத்தைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் வேலை!

பாட்டு இரவல், குரல் சொந்தம். கென்டக்கி மலைப் பேச்சை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. பட்டணத்தார் சிரிக்கும் உச்சரிப்பு அப்படியே தட்டில் ஏறியது. புதிதாக அப்போது ஆரம்பித்திருந்த கிராமியத் தட்டுகளின் விற்பனை வரிசையில் அது இரண்டாம் இடம் வரை போயிற்று. அதன் பிறகு கம்பெனிக்குத் தைரியம் வந்தது. அவர் பாட்டுகளையே பாடலாம் என்று ஆயிற்று. 1966-ல் ஆயா கேட்டாளே, அந்தக் குடிகாரப் புருஷன் பாட்டு. தங்கை பெக்கி ஸூவோடு சேர்ந்து எழுதியது. அதுதான் அவருடைய முதல் முதலிடப் பாட்டு. 1970-ல் 'கோல் மைனர்ஸ் டாட்டர்', சுரங்கத் தொழிலாளியின் மகள் என்று தம் கதையையே பாடினார். 1975-ல் கர்ப்பத் தடை மாத்திரையைப் பற்றி ஒரு பாட்டு. பல ரேடியோ நிலையங்கள் அதைப் போட மறுத்துவிட்டன. பெண்கள் தட்டை வாங்கி வீட்டில் போட்டுக் கேட்டார்கள்.

எல்லாம் பாயசமாக இருந்துவிடவில்லை. ஆரம்பத்தில் கை கொடுத்து டெக்காவிடம் சேர்த்த வில்பர்ன் சகோதரர்களிடம் அவருடைய பாட்டுகளின் வெளியீட்டு உரிமை சிக்கிக்கொண்டது. கோர்ட்டு வரை போய், வருஷக் கணக்கில் இழுத்தது. வழக்கு நடக்கும்போது எழுதுவதையே குறைத்துக்கொண்டார். பாடுகிறவர்கள் கையெழுத்துப் போடுமுன் படித்துப் பார்க்கவேண்டியது பாட்டின் தாளை அல்ல, ஒப்பந்தத் தாளை.

வீட்டிலும் அப்படித்தான். கிதார் வாங்கிக் கொடுத்த டூலிட்டில் பெருங்குடியர். பிற பெண்களோடு சகவாசம். அதை லொரெட்டா ஒளித்ததில்லை. 'என் பாட்டுகளில் எல்லாம் அவர் ஏதாவது ஒரு விதத்தில் இருக்கிறார்' என்ற மாதிரி சொல்லுவார். 1996-ல் அவர் சாகும் வரை கூடவேதான் இருந்தார். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. சில நாள் அந்த மனிதர் மேல் நன்றி தோன்றுகிறது. சில நாள் கரண்டியை எடுத்துக்கொண்டு போகத் தோன்றுகிறது.

ஆயாவுக்கு அந்தக் குழப்பமே இல்லை. "அழ வெச்சவனும் அவன்தான், பாட வெச்சவனும் அவன்தான். எந்தக் கணக்குல எழுதறது? விடும்மா" என்றாள். பிறகு, "அந்தம்மா இருக்குதா?" என்று கேட்டாள்.

இல்லை. 2022 அக்டோபர் 4-ந் தேதி, தொண்ணூறாவது வயதில், டென்னஸீயில் தம் வீட்டில் தூக்கத்தில் காலமானார்.

"தொண்ணூறு! கல்யாணச் சாவு" என்று கூடையைத் தூக்கினாள்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு லீவு. நான் சொல்லி அனுப்பியிருந்தபடி புது டெலிபோனோடு வந்தாள். பதிவு செய்வதை இரண்டு இடத்தில் பத்திரப்படுத்த வேண்டும் என்று முன்னாடியே ஒப்பந்தம். ஒன்று அவளிடம், ஒன்று என்னிடம். ஆயா திண்ணையில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "ஒப்பாரி வாழற வூட்டுல பாடமாட்டேன்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டாள். நியாயந்தான். அதை அவள் தன் வீட்டுக் களத்து மேட்டில் பாடுவதாக ஏற்பாடு. எங்கள் திண்ணையில் இரண்டு நடவுப் பாட்டும் ஒரு தாலாட்டும்.

தாலாட்டு நடுவில் என் வீட்டுக் குக்கர் மூன்று தரம் கூவித் தொலைத்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பேத்தி டெலிபோனை நிறுத்தி, "ஆயா, இன்னொரு தரம் முதல்லேருந்து பாடு" என்றாள்.

"ஏன்? புள்ளை தூங்கற வூட்டுல சோறு வேவாதா?" என்றாள் ஆயா. திரும்பப் பாடவில்லை. கூடையிலிருந்து ஒரு கட்டு முளைக்கீரையை எடுத்து என் பக்கம் தள்ளிவிட்டு, பழைய பாக்கி பதினைந்து ரூபாயை ஞாபகப்படுத்தினாள்.